சுத்தியல் போனது, ரோலர் நிலைத்தது: சிலோன் தேயிலையின் பழைய முறைகள்

கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ஒருமுறை அரைக் கிலோ சிலோன் தேயிலை கொடுத்துவிட்டுப் போனார். வழக்கம்போலப் பாலும் தண்ணீரும் கொதிக்கவிட்டு, சர்க்கரையோடு அந்தத் தூளையும் போட்டு இறக்கினோம். சப்பென்று இருந்தது. நிறமும் சரியாக ஏறவில்லை. "இதுக்கா இவ்வளவு பேரு?" என்றார் அம்மா. மீதிப் பொட்டலம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

தப்பு எங்கள் மேல்தான். நம் ஊர் டீக்கடையில் துணிப்பையில் கொட்டி டிகாக்ஷன் இறக்குகிறார்களே, அந்தத் தூளுக்கும் இதற்கும் செடி ஒன்று, செய்முறை வேறு. நம்முடையது சி.டி.சி.; நசுக்குவது, கிழிப்பது, சுருட்டுவது என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். அந்தப் பொட்டலத்தில் இருந்தது ஆர்த்தடாக்ஸ். தமிழில் சொன்னால் வைதீகத் தேயிலை! புது முறை ஒன்று வந்து பக்கத்தில் நிற்காதவரை பழையதற்கு இப்படி ஒரு பெயர் தேவைப்பட்டிருக்காது.

அந்தப் புது முறை வந்து 90 ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1930களின் தொடக்கத்தில் அசாமின் அம்குரி தோட்டத்தில் வில்லியம் மெக்கர்ச்சர் என்பவர் உருவாக்கிய இயந்திரம் அது. குறைந்த நேரம், குறைந்த இடம், ஒரே மாதிரியான தூள். கென்யா ஏறக்குறைய முழுவதும் அதற்குப் போனது. இந்தியாவிலும் பெரும்பகுதி அதுதான். இலங்கை மட்டும் போகவில்லை. இன்றும் அங்கே செய்யும் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஆர்த்தடாக்ஸ். ஏற்றுமதி விளம்பரங்களில் இதற்குப் பாரம்பரியம் என்று பெயர். மலையில் கொழுந்து பறிப்பவர்களிடம் கேட்டால் வேறு பெயர் சொல்லக்கூடும்.

முதலில் தொழிற்சாலைக்குள் போவோம். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். லாரியில் வந்து இறங்கியதும் அதை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றை ஊதுவார்கள். கொழுந்தின் ஈரத்தையும் வானிலையையும் பொறுத்து 12 மணி நேரமோ 18 மணி நேரமோ ஆகும். இதுதான் வாட்டுதல். விசிறித் தொட்டி வருவதற்கு முன் இதற்காகவே மேல்மாடிகள் கட்டினார்கள். சாக்குத் துணித் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பிவிட்டு ஜன்னல்களைத் திறந்துவைத்தார்கள். நுவரெலியா பக்கம் போகிறவர்களுக்கு மலைமேல் அடுக்கடுக்கான ஜன்னல்களோடு தெரியும் பெரிய கட்டடங்கள் அவைதான். கந்தப்பளையில் அப்படி ஒன்று இப்போது ஹோட்டல்.

வாடிய இலை தோல்போலத் துவளும்; மடித்தால் ஒடியாது. அதை ரோலரில் போடுவார்கள். அடியில் வட்ட மேசை, மேசையில் பிறை பிறையாகப் பதித்த மேடுகள், மேலே அடியில்லாத ஒரு பெரிய உருளைப் பெட்டி, பெட்டிக்குள் அழுத்திப் பிடிக்க ஒரு மூடி. பெட்டி மேசைமேல் வட்டமடிக்க அடிக்க, இலைகள் ஒன்றோடொன்று தேய்ந்து, சாறு கசிந்து, முறுக்கிக்கொள்ளும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பதைத்தான் இரும்பில் பெரிதாகச் செய்திருக்கிறார்கள். உண்மையில் தொடக்கமும் கைதான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் வணிகத்துக்காகத் தேயிலை வைத்தபோது, அவருடைய பங்களா வராந்தாதான் தொழிற்சாலை. மேசையில் இலையைக் கொட்டி, மணிக்கட்டு முதல் முழங்கைவரை கையை வைத்து உருட்டினார்கள். 1870களில் ஜாக்சன் என்பவரின் ரோலர்கள் வந்தன. 1877இல் சாமுவேல் டேவிட்சன் 'சிராக்கோ' என்ற உலர்த்தும் அடுப்பைக் கொண்டுவந்தார். ஆக, இன்று நாம் பழைய முறை என்று சொல்வது, விக்டோரியா மகாராணி காலத்து நவீனத் தொழில்நுட்பம். அன்று அது கையின் வேலையைப் பறித்த இயந்திரம்.

உருட்டிய இலையை ஈரமான குளிர்ந்த அறையில் பரப்பி வைத்தால் காற்றோடு சேர்ந்து செம்பு நிறமாகும். நொதித்தல் என்று சொல்வது வழக்கம். உண்மையில் நுண்ணுயிர் எதுவும் அங்கே வேலை செய்வதில்லை. வெட்டிய ஆப்பிள் பழுப்பாவது போன்ற ஆக்சிஜனேற்றம்தான். வாசனையும் நிறமும் இந்த நேரத்தில்தான் உருவாகின்றன. எப்போது நிறுத்துவது என்பதை முகர்ந்து பார்த்தே முடிவு செய்யும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறகு அடுப்பில் உலர்த்தி, ஈரத்தை 3 சதவீதம் அளவுக்கு இறக்கி, சல்லடைகளில் பிரித்தால் ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று தரம் தரமாக வரும். இவை இலைத் துண்டின் அளவைக் குறிக்கும் பெயர்கள். சுவைக்கு வழங்கிய பட்டம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

சி.டி.சி.யில் நடப்பது வேறு. பல் வைத்த இரண்டு எஃகு உருளைகள் எதிரெதிரே சுற்றும். ஒன்று மெதுவாக, மற்றது அதைவிடப் பத்து மடங்கு வேகமாக. நடுவில் போகும் இலை கூழாகி, குருணை குருணையாக வெளியே வரும். இலையின் உயிரணுக்கள் ஒன்றுவிடாமல் உடைந்துவிடுவதால் நிறமும் கடுப்பும் நிமிடத்தில் இறங்கும். பால் ஊற்றினாலும் தாங்கும். தேநீர்ப் பைக்கும் அதுவே தோது. நம் டீ மாஸ்டருக்கு இதைவிட என்ன வேண்டும்? இழப்பது நுண்ணிய வாசனையை. ஜூலை முதல் செப்டம்பர்வரை ஊவா மலைகளில் வறண்ட கச்சான் காற்று அடிக்கும்போது அங்கத்திய கொழுந்தில் ஒருவிதக் குளிர்ச்சியான காரவாசனை ஏறும். அந்தச் சில வாரத் தேயிலைக்குத் தனி விலை. டிம்புள பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச்வரை அப்படி ஒரு பருவம். பல் உருளையில் போட்டால் ஊவா எது, டிம்புள எது என்பது பெரும்பாலும் தெரியாமல் போய்விடும்.

சரி, சுவைக்காகத்தான் விடவில்லை என்று முடித்துவிடலாமா? அது பாதிக் கதை. யாருடைய சுவை என்று பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் சிலோன் தேயிலையின் பெரிய வாடிக்கையாளர் பிரிட்டன். அந்த நாடு தேநீர்ப் பைக்கு மாறியபோது அதற்கேற்ற மலிவான தூள் கென்யாவில் கிடைத்தது. கென்யா இன்று ஆண்டுக்கு 50 கோடி கிலோவைத் தாண்டுகிறது. இலங்கை அதில் பாதி. அந்தச் சந்தையில் கென்யாவோடு மல்லுக்கு நின்றிருந்தால் இலங்கை தோற்றிருக்கும். இலங்கையைக் காப்பாற்றியது பாலில்லாமல் குடிக்கும் நாடுகள். இராக், ஈரான், துருக்கி, ரஷ்யா, வளைகுடா. இராக்கில் இஸ்திகான் என்ற இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில், ரஷ்யாவில் சமோவார் வெந்நீரில், டிகாக்ஷனின் நிறமும் தெளிவும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நீளமாக, கறுப்பாக, முறுக்கிய இலை என்றால் அங்கே மதிப்பு. சி.டி.சி. குருணையைக் காட்டினால் தூசி என்பார்கள்.

அந்த மதிப்பு விலையில் தெரிகிறது. கொழும்பு ஏலத்தின் சராசரி விலை கென்யாவின் மொம்பாசா ஏலத்தை விடத் தொடர்ந்து மேலே நிற்கிறது. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான கடன் 25.1 கோடி டாலரை மாதம் 50 லட்சம் டாலர் பெறுமானத் தேயிலையாகத் தீர்ப்பது என்று 2021இல் இலங்கை ஓர் ஒப்பந்தமே போட்டது. எண்ணெய்க்கு ஈடாக ஒரு நாடு ஏற்றுக்கொள்ளும் இலை என்றால் அதை மாற்ற யாருக்குத் துணிச்சல் வரும்? ஆகவே ரோலர் நிலைத்து நிற்பது பாசத்தால் அல்ல, கணக்குப் போட்டுத்தான். இதற்கு இன்னொரு சாட்சி அதே தொழிற்சாலையில் இருக்கிறது. சல்லடை தாண்டியதும் தூள் போவது கேமரா வைத்த நிறப்பிரிப்பு இயந்திரத்துக்கு. நார், காம்பு, வெளுத்த துண்டு எதுவாக இருந்தாலும் நொடியில் கண்டுபிடித்து, காற்றை ஊதித் தள்ளிவிடும். முன்பு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் பொறுக்கிய வேலை இது. சுவையைத் தொடாத இடத்தில் இயந்திரம் வருவதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

ஏலத்தின் கதை இதைவிடச் சுவையானது.

கொழும்பில் முதல் தேயிலை ஏலம் 1883இல் நடந்தது. அன்று தொடங்கிய கூவி விற்கும் முறை 137 ஆண்டு ஓடியது. தரகர் மேடையில் நின்று பட்டியலில் உள்ள ஒவ்வொரு லாட்டாகக் கூற, எதிரே அடுக்கு இருக்கைகளில் உட்கார்ந்திருக்கும் வாங்குபவர்கள் விலையைக் கத்த, சுத்தியல் தட்டும். வாரத்தில் செவ்வாய், புதன். ஒரு லாட்டுக்குச் சில நொடிகள்தான். வெளியாள் உள்ளே போனால் ஏதோ தகராறு என்று நினைப்பார். மின் ஏலம் வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடந்துகொண்டே இருந்தது, நடக்கவில்லை. முகம் பார்க்காமல் வியாபாரம் எப்படி, எதிராளி எதற்குத் தவிக்கிறான் என்பது திரையில் தெரியுமா என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். இந்த ஓசை அடங்கினால் கொழும்பு ஏலத்தின் உயிரே போய்விடும் என்பதுபோல ஒரு நம்பிக்கை.

2020 மார்ச் 20ஆம் தேதி கொரோனாவுக்காக ஊரடங்கு வந்தது. ஏலம் நின்றது. கொழுந்து நிற்குமா? அது ஏழு நாளில் வளர்ந்துவிடும். தொழிற்சாலைகளில் தூள் தேங்கியது, பணம் வரவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் ஏலம் கணினித் திரைக்குப் போய்விட்டது. 137 ஆண்டு வழக்கம் இரண்டு வாரத்தில் மாறியது. நோய் அடங்கிய பிறகும் பழைய கூடத்துக்கு அது திரும்பவில்லை.

ஏன் இவ்வளவு சுலபம்? மாற்றத்தால் யாருடைய பையும் காலியாகவில்லை; அதுதான். சுத்தியல் தேயிலையின் சுவையில் எதையும் சேர்க்கவில்லை. அது ஒரு பழக்கம், அதில் கொஞ்சம் பெருமை. ஆனால் ஏலத்துக்கு முந்தின கட்டம் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாதிரிகள் இப்போதும் தரகர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் பொட்டலமாகப் போகின்றன. நீளமான மேசையில் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களை வரிசையாக வைத்து, சுவைஞர் கரண்டியால் உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்கிறார். உறிஞ்சும் ஓசை உரக்க வந்தால்தான் காற்றோடு கலந்து மூக்குவரை போகுமாம். நம் வீட்டில் அப்படிக் குடித்தால் அடி விழும். சுவை பார்க்கத் தேநீர் போடுவது எப்படி என்று 1980இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு ஒரு விதிமுறையே வெளியிட்டது. 100 மில்லிலிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். அளவுக்கு விதி வந்தாலும் தீர்ப்புச் சொல்வது நாக்குதான்.

இனி மலைக்கு. உள்ளபடியே பழைய முறையின் எடை முழுவதும் இறங்குவது இங்கேதான்.

ரோலருக்கு இளம் இலை வேண்டும். இரண்டு இலை, நடுவில் ஓர் அரும்பு. முற்றின இலை முறுக்கிக்கொள்ளாது. தட்டைச் செதிலாக உடையும். காம்பு நாராக வந்து நிற்கும். பல் உருளை இந்த விஷயத்தில் கொஞ்சம் பெரிய மனசு, முரட்டு இலையையும் அரைத்துக் குருணையாக்கிவிடும். ஆகவே தொழிற்சாலையில் ரோலர் இருக்கும்வரை மலையில் விரல் இருக்க வேண்டும். ஏற்றுமதிப் படங்களில் இந்த விரல்களைத்தான் அழகாகக் காட்டுகிறார்கள்.

காலையில் பெரட்டுக் களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் கொடுத்துவிட்டு, கங்காணி சொல்லும் மலைக்குப் போக வேண்டும். மலையகத் தமிழில் 'மலை' என்பது தேயிலை வைத்த ஒரு துண்டு நிலத்தையும் குறிக்கும். அங்கே ஆளுக்கு ஒரு நிரை. சரிவில் கால் ஊன்றி, செடிக்கு நடுவே இடுப்பளவு புகுந்து, இரண்டு கையாலும் பறித்துப் பின்னால் தொங்கும் கூடைக்கோ சாக்குக்கோ எறிய வேண்டும். அட்டையும் மழையும் கூடவே இருக்கும். பறித்ததைக் கொழுந்து மடுவத்தில் நிறுத்துக் கணக்கில் ஏற்றுவார்கள். 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஓர் அளவு உண்டு. அது எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது நாள் முழுக்க நின்றவருக்கு அரைநாள் சம்பளம். நனைந்த கொழுந்துக்குத் தண்ணீர்க் கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு என்று கிலோக் கணக்கில் குறைத்துக்கொள்வது மலையகத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மனக்குறை.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ கொழுந்து என்று வைத்தால் 18 கிலோவுக்கு 4 கிலோ தூள். 2024இல் நாட்சம்பளம் 1,350 இலங்கை ரூபாய் என்று முடிவானது. அப்போது கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோவின் சராசரி விலை 1,200 ரூபாயை ஒட்டி இருந்தது. ஒரு பெண் ஒரு நாளில் பறித்தது ஏலத்தில் 4,800 ரூபாய். அவர் கைக்கு வருவது 1,350. தோட்ட நிர்வாகம் இதையே மறுபக்கத்திலிருந்து சொல்லும்: பறிப்புக் கூலி மட்டுமே விலையில் கால் பங்குக்கு மேல், அதன்மேல் சேமநிதி, உரம், தொழிற்சாலை, மற்ற ஆட்கள்; இலங்கையில் தேயிலைச் செலவில் பாதிக்கு மேல் கூலிதான். இரண்டு கணக்கும் சரிதான். இரண்டும் சரியாக இருப்பதுதான் சிக்கல்.

இதில் டாலரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1,000 ரூபாய் சம்பளம் கேட்டுப் பல ஆண்டு போராடி அது 2021இல் கிடைத்தது. அன்று ஒரு டாலர் 200 ரூபாய். சம்பளம் 5 டாலர். அடுத்த ஆண்டு ரூபாய் சரிந்து ஒரு டாலர் 360 ரூபாயானது. அதே 1,000 ரூபாய் 3 டாலருக்கும் கீழே போனது. தேயிலை ஏற்றுமதியோ டாலரில்.

இவ்வளவு குறைந்த கூலிக்கு ஆள் எப்படிக் கிடைத்தார்கள் என்பதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது. 1820களிலிருந்து தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து காப்பித் தோட்டத்துக்கு அழைத்துவரப்பட்டவர்கள். இலைநோய் காப்பியை அழித்த பிறகு தேயிலைக்கு மாறியவர்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003 ஆகிவிட்டது. குடியிருக்கும் லயம் என்ற வரிசை வீடு தோட்டத்துக்குச் சொந்தம்; வேலையை விட்டால் கூரையும் போகும் என்ற நிலை. வேறு எங்கும் போக வழியில்லாதவர்கள் இருந்த வரைக்கும் கையால் பறிப்பது மலிவான முறையாக இருந்தது. மலிவாக இருந்ததால் யாரும் அதை மாற்ற யோசிக்கவில்லை. பாரம்பரியம் என்ற சொல்லுக்குள் இதுவும் இருக்கிறது. எந்தத் தேயிலை டப்பாவிலும் அச்சிட மாட்டார்கள்.

இயந்திரம் ஏன் வரவில்லை என்றால், வரப்பார்த்தது. 1925இல் தொடங்கி இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் கொழுந்து வெட்டும் கத்தரிகளை ஆராய்ந்திருக்கிறது. பல தோட்டங்களில் இயந்திரக் கத்தரியும் ஓடுகிறது. ஆனால் இலங்கையின் மேட்டு நிலத்தில் வெள்ளைக்காரர் காலத்தில் விதை போட்டு வளர்த்த செடிகள் இன்னும் ஏராளம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி துளிர்விடும். கத்தரிக்கு எது இளசு, எது முற்றல் என்று தெரியாது. மட்டத்துக்கு மேலே நிற்பதையெல்லாம் வெட்டும். ஜப்பானில் இயந்திர அறுவடை சாதாரணம் என்றால் அங்கே யாபுகிதா போன்ற ஒரே ரகத்தை வேலிபோல நேர்வரிசையில் நட்டிருக்கிறார்கள். எல்லாச் செடியும் ஒன்றாகத் துளிர்க்கும். அர்ஜென்டினாவின் தேயிலை நிலம் சமவெளியை ஒட்டியது. பெரிய வண்டியே ஓட்டலாம். நுவரெலியாவில் அப்படிச் செய்ய வேண்டுமானால் பழைய செடியைப் பிடுங்கி மறுநடவு செய்து, சில ஆண்டு வருமானமில்லாமல் காத்திருக்க வேண்டும். 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பெனிகளின் குத்தகை 2045இல் முடிகிறது. குத்தகை வீட்டுக்கு யார் புதுத் தளம் போடுவார்கள்?

நீலகிரி வேறு வழியில் போனது. ஆள் பற்றாக்குறை வந்ததும் அங்கே பை மாட்டிய கத்தரி சகஜமாகிவிட்டது. பெரும்பாலும் சி.டி.சி. என்பதால் தொழிற்சாலையும் அதைப் பொறுத்துக்கொண்டது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1964 ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968 முதல் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் தேயிலை வைத்தது. இன்று 'டான்டீ' என்று அழைப்பது அதைத்தான். ஒரே குடும்பத்தின் ஒரு கிளை இங்கே கத்தரியோடும், இன்னொரு கிளை அங்கே விரலோடும் நிற்பதற்கு அவர்களுடைய திறமையோ விருப்பமோ காரணமில்லை, பாஸ்போர்ட்டும் சந்தையும்தான். கத்தரிக்குப் போனதால் நீலகிரி செழித்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. சோவியத் சந்தை மறைந்த பிறகு 1990களின் கடைசியில் பறித்த கொழுந்தின் விலை விழுந்தபோது அங்கே சிறு விவசாயிகள் பட்ட பாடு இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. சி.டி.சி. எல்லோரிடமும் கிடைக்கும் சரக்கு. விலை பேச முடியாது.

கென்யாவில் கதை தலைகீழ். கெரிச்சோ பகுதியில் 2023 மே மாதம் பறிக்கும் இயந்திரங்களை மக்கள் கொளுத்தினார்கள். இயந்திரம் வேலையைத் தின்கிறது என்ற கோபம். இலங்கையில் இயந்திரத்தை யாரும் கொளுத்தவில்லை. அது முழுதாக வருவதற்கு முன்பே பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும், ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். அம்மாவோடு கொழுந்து முடியட்டும் என்று படிக்கவைத்தவர்களும் அந்த அம்மாக்கள்தான்.

ரோலரும் விரலும் இருக்கும்போதே வேறு மாதிரியும் நடத்தலாம் என்பதற்கு உதாரணம் வெளியில் தேட வேண்டியதில்லை. காலி, மாத்தறை, இரத்தினபுரி பக்கத் தாழ்நிலத் தேயிலையில் பெரும்பங்கு சிறு நில உரிமையாளர்களுடையது, பெரும்பாலும் சிங்களக் குடும்பங்கள். மேற்காசியா கேட்கும் நீண்ட கறுப்பு இலை முக்கியமாக அங்கிருந்துதான் போகிறது. நாட்டின் உற்பத்தியில் பாதிக்கு மேல் தாழ்நிலம். அவர்களும் ரோலர்த் தொழிற்சாலைக்குக் கையால் பறித்த கொழுந்தைத்தான் தருகிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது நாட்கூலி அல்ல. ஏல விலையில் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 தொழிற்சாலைக்கு என்று ஒரு விலைச் சூத்திரம் இருக்கிறது. ஏலத்தில் விலை ஏறினால் அடுத்த மாதம் வீட்டில் தெரியும். மலைநாட்டுத் தோட்டத்தில் விலை ஏறினால் பெண்களுக்குத் தெரிவதில்லை. சம்பளப் பேச்சுவார்த்தை வரும்போது விலை இறங்கிய செய்திதான் வருகிறது. அண்மை ஆண்டுகளில் சில தோட்டங்கள் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கத் தொடங்கியிருக்கின்றன. நிலம் யார் பேரில் என்ற கேள்வியைத் தீர்க்காமல் செய்வதால் தொழிற்சங்கங்கள் சந்தேகத்தோடு பார்க்கின்றன. அந்தச் சந்தேகம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

2021இல் அரசு ரசாயன உரத்தைத் திடீரென்று தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கியது. அடுத்த ஆண்டு உற்பத்தி 25 கோடி கிலோ அளவுக்கு விழுந்தது. முன்பு 30 கோடிக்கு மேல் வந்த நாடு. வாங்குபவர்களில் சிலர் அசாம் ஆர்த்தடாக்ஸ் பக்கம் திரும்பினார்கள். ரோலர் இலங்கைக்கு மட்டும் சொந்தமில்லை என்று அப்போது தெரிந்தது.

பழைய தோட்டங்களில் ஆள் போதாத மலைகளை இப்போது அப்படியே விட்டுவிடுகிறார்கள். தேயிலை இயல்பில் மரம். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, வாராவாரம் பறித்துக்கொண்டே இருப்பதால்தான் அது இடுப்பு உயரத்தில் நிற்கிறது. விட்டுவிட்டால் நெடுநெடுவென்று வளர்ந்து, கிளை பரப்பி, வெள்ளைப் பூ பூத்து, காய்க்கும். நுவரெலியாவிலிருந்து இறங்கும் வழியில், சீவியதுபோல இருக்கும் பச்சைச் சரிவுகளுக்கு நடுவே திட்டுத்திட்டாகக் காடு தெரிந்தால், அவற்றில் சில அண்மைவரை யாரோ நிரை பிடித்த மலைகள்.